அறுபத்து மூன்று துண்டுகள்

அவன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

லேப்டாப்பை அவள் மேசைமேல் வைத்தான். ஹார்ட் டிஸ்க்கை அதன்மேல் போட்டான்.

தன் தங்கை சிந்துஜாவின் கல்யாண வீடியோவை இனி அவனே முடித்துக்கொள்வானாம். அவள் மூன்று மாதமாக வெட்டி ஒட்டியதை அவனுடைய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தால் போதுமாம்.

“உன் மூஞ்சி ஒரு இடத்துலகூட வரக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

அவள் திரையைப் பார்த்தபடியே தலையசைத்தாள்.

கணவன் மனைவியாக இருவரும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோ அது. அவன் துணிமணியை அள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. நடுவில் வந்தது வக்கீல் நோட்டீஸ் மட்டும்தான்.

போகிற கோப்பில் படமே இருக்காது, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் மட்டும்தான் போகும் என்றாள். நிறம் போகாது. வேகம் குறைத்த இடமெல்லாம் பழையபடி ஓடும். ஒன்று கரைந்து இன்னொன்றாகும் இடமெல்லாம் வெடுக்கென்று வெட்டிக்கொண்டு நிற்கும்.

அதெல்லாம் தனக்குத் தெரியும் என்றான். அவளுடைய மென்பொருளைப் பற்றி எப்போதும் சொல்லும் கிண்டலையும் சொன்னான். விளையாட்டுச் சாமானாம்.

கோப்பு போய்ச் சேர்ந்தது.

அவன் லேப்டாப்பில் கல்யாணம் ஓடத் தொடங்கியது. மண்டப வாசல். வாழை மரம். நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம்.

பிறகு அவள்.

சிந்துஜாவின் கையில் வங்கி நகையைச் சரிசெய்கிறாள். அடுத்து, பந்தியில் யாருக்கோ தண்ணீர் ஊற்றுகிறாள். தாலி ஏறும் நேரத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைக்கிறாள். திரும்பின பக்கமெல்லாம் அவள்.

“வேணும்னே பண்ணியிருக்கற.”

அவள் தன் மானிட்டரை அவன் பக்கம் திருப்பினாள்.

அதே கல்யாணம். அவள் எங்குமே இல்லை. அவள் இருந்த ஒவ்வொரு துண்டும், மொத்தம் அறுபத்து மூன்றும், மங்கலான ஊதா நிறத்தில் அணைந்து கிடந்தது. அழிக்கவில்லை, அணைத்து மட்டும் வைத்திருந்தாள். அவன் வந்து கேட்பதற்கு மூன்று வாரம் முன்பே. சம்பந்தி வீட்டில் பிரிந்திருக்கும் அண்ணியைப் பற்றிச் சிந்துஜாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாதே என்றுதான்.

இங்கே அணைந்து கிடந்ததெல்லாம் அவன் மென்பொருளுக்குப் போனதும் விழித்துக்கொண்டது.

அவன் கொஞ்ச நேரம் இரண்டு திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“அறுபத்து மூணு துண்டா? கல்யாணப் பொண்ணு நீயா, அவளா?”

“எடுத்தது நீங்க.”

நான்கு கேமராமேன்களை வைத்தும் அன்று அவன் கை சும்மா இருக்கவில்லை. தன் கேமராவையும் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினான். அந்தத் துண்டுகளின் பெயரெல்லாம் அவன் கேமராவின் எழுத்தில்தான் தொடங்கின.

அவன் பேச்சை மாற்றினான்.

“இதையெல்லாம் ஒரேடியா எடுக்க வழி இருக்கா?”

இருந்தது. ஏதாவது ஓர் ஊதாத் துண்டின்மேல் வலது க்ளிக். அதே நிறத்தில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்றால் அறுபத்து மூன்றும் ஒன்றாக வரும். அழித்துவிட்டு மறுபடி கோப்பை அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“இல்லீங்க. ஒண்ணொண்ணாப் பார்த்துத்தான் எடுக்கணும்.”

விளையாட்டுச் சாமான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் நாற்காலியை லேப்டாப்பின் முன்னால் இழுத்துப் போட்டான்.

முதல் துண்டைப் பார்க்காமலே அழித்தான்.

இரண்டாவதை ஓடவிட்டான்.