மூணாவது கியர்

"சிப்பு போட்டா வண்டி பறக்குமாமே சகாயம்?"

மொய்னுதீன் பாய் கேட்டதும் மெக்கானிக் தேவசகாயம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்து பிக்கப் வண்டியின் பானெட் மேல் வைத்தார்.

"பறக்கல்லாம் பறக்காது பாய். டீசல் கொஞ்சம் கூட ஊத்தும், இழுவை ஏறும், அவ்ளோதான். ஆனா டர்போ சீக்கிரம் போயிடும். கரும்புகை தள்ளும். எஃப்.சி. செக்கிங்குக்குப் போவும்போது கழட்டிட்டுத்தான் போவணும். யோசிச்சுக்க."

யோசித்து யோசித்துத்தான் பாய் ஓய்ந்து போயிருந்தார்.

அவருக்குச் செங்கல்பட்டில் ஐஸ் வியாபாரம். விடிந்தும் விடியாமலும் வண்டி ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் மீனவர் குப்பத்துக்குப் போக வேண்டும். மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் போகிற ரோடு. பாய் வண்டிக்கு மட்டும் மூன்று மாதமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

காலையில் பாய்க்கு இரண்டு போன் வரும். முதல் போன் மகள் ஆஸ்மா. மாமல்லபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை, காலை ஷிப்ட்; வீட்டிலிருந்து ஸ்கூட்டியில்தான் போவாள். "அத்தா, வந்து சேந்துட்டேன்" என்பாள். பாய் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுப்பார். டீ ஆறுவதற்குள் இரண்டாவது போன், டிரைவர் முத்துசாமி. "பாய், இப்பத்தான் ஐஸ் எறக்குறேன்." அதற்குப் பாய் சொல்கிற பதிலைப் பத்திரிகையில் போட முடியாது.

இன்று காலை மீன் ஏஜென்ட் பிரவின்குமாரும் கறாராகச் சொல்லிவிட்டான். "மீனு கரையில காஞ்சுகினு கீது பாய், உங்க ஐஸக் காணோம். நாளைக்கும் லேட்டுன்னா கூடுவாஞ்சேரி பார்ட்டிக்கு மாத்திக்கிறேன்."

பாய்க்குப் பாதி வியாபாரமே அவன்தான்.

"போட்டுடு சகாயம். இதுக்கு மேல என்னால பேச்சு கேக்க முடியாது."

"இரு பாய். மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்."

முத்துசாமி ஷெட் ஓரத்தில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷமாகப் பாயிடம் ஓட்டுகிறவர். பெட்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

கால் மணி நேரத்தில் தேவசகாயம் திரும்பி வந்தார்.

"பாய், சிப்பு வேஸ்ட்டு. பைபாஸ்ல தொண்ணூறு அசால்ட்டா போவுது. வண்டில ஒரு பேஜாரும் இல்ல."

"அப்ப ஏன்யா லேட்டாவுது?"

"இதோ டிஸ்பிளேல பாரு. சராசரி ஸ்பீடு முப்பதுன்னு காட்டுது. மூணாவது கியரையே தாண்டறதில்ல போல கீது." சொன்ன பிறகுதான் முத்துசாமி பக்கம் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாய்க்குக் கோபத்தைவிட அலுப்புதான் முதலில் வந்தது.

"முப்பதா? இன்னா முத்துசாமி, தூங்கிகினு ஓட்டுறியா? இல்ல வழில எங்கனா தனி சவாரி அடிச்சு டப்பு பாக்குறியா?"

"இல்ல பாய்."

"அப்ப இன்னாதான்? வாயத் தொறந்து சொல்லேன்."

"ஒண்ணும் இல்ல பாய்."

"என் பொழப்பே போவப் போவுது, உனக்கு ஒண்ணும் இல்லியா? சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு. நாளைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

முத்துசாமி சாவியைக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. அதுவே பாய்க்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சகாயம், சிப்பையும் மாட்டு. புது டிரைவரு, புது சிப்பு. நாளைக்கு ஆறே காலுக்கு வண்டி குப்பத்துல நிக்கணும்."

வாசல் வரை போன முத்துசாமி நின்றார். திரும்பி வந்தார்.

"பாய், புது டிரைவருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க."

"இன்னா?"

"திருக்கழுக்குன்றம் தாண்டுனா காலைல ஜல்லி டிப்பருங்க போட்டி போட்டுகினு வரும். மூணு மாசம் முன்னாடி ஒண்ணு, நம்ம ஆஸ்மா பாப்பா ஸ்கூட்டிய ஒரசிட்டுப் போயிடுச்சு. பள்ளத்துல கெடந்த பாப்பாவ நான்தான் தூக்கி உட்டேன். அத்தாவுக்குத் தெரிஞ்சா வேலைய நிறுத்திடுவாருன்னு கையப் புடிச்சுகினு அழுதுச்சு. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

பாய் பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் தெனமும் பாப்பா பின்னாடியே போவேன் பாய், ரெண்டு இண்டிகேட்டரையும் போட்டுகினு. எந்த டிப்பரா இருந்தாலும் மொதல்ல நம்ம வண்டியத்தான இடிக்கணும். பாப்பா ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போனப்புறம்தான் குப்பத்துக்குத் திருப்புவேன். புது ஆளயும் அப்படியே போவச் சொல்லுங்க. வேலைய மட்டும் நிறுத்திடாதீங்க பாய், பாப்பா பாவம்."

தேவசகாயம் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

பாயின் போன் அடித்தது. பிரவின்குமார்.

"இன்னா பாய், நாளைக்காவது ஆறே காலுக்கு வண்டி வந்துடுமா?"

பாய் பானெட் மேலிருந்த சாவியை எடுத்து முத்துசாமியின் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வராது தம்பி. எங்க வண்டி மெதுவாத்தான் வரும். நீ அந்தக் கூடுவாஞ்சேரி பார்ட்டியையே பாத்துக்க."