முழங்கால் உயரம்

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு இடப்பக்கம் மூன்று நாற்காலிகள்.

முதலாவதில் அவள். நடுவில், வாரில்லாத கார் இருக்கை, அதற்குள் பிள்ளை. மூன்றாவதில் லோஜினி அக்கா, கார் ஓட்டப்போகிறவள். மடியில் கைப்பை.

மேசைக்கு அப்பால், வாடகைக் கார்களின் சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி.

வேறு ஒருவரும் இல்லை.

மணி பன்னிரண்டு இருபது.

தடுப்பு முகாமுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். மூன்றுக்குப் பிறகு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். விடிந்தால் அவளுடைய கணவனை விமானம் ஏற்றி, எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தானோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவனைக் கொண்டுபோனபோது பிள்ளை வயிற்றில் ஏழு மாதம்.

முகாமுக்குள் படம் போகாது. முகம் பார்க்கிற தொலைபேசி கிடையாது. கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம், குரல் மட்டும். ஒவ்வொரு முறையும் வைக்கும்போது அவன் கேட்பது ஒன்றுதான்.

"இப்ப என்ர முழங்காலுக்கு வருவாளோ?"

கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துகிறேன், நீங்களே பாருங்கோ என்று போன கிழமை சொல்லியிருந்தாள்.

கார் இருக்கை இரவல்.

இரவல் பொருளைக் கழுவாமல் பிள்ளைக்குக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. வார்களை ஒவ்வொன்றாக உருவினாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் அலசினாள். குளியலறைக் கொடியில் காயப்போட்டாள். இருக்கையைப் படுக்கை விரிப்பில் சுற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டு, பெயர் எழுதி ஒட்டினாள்.

விமானத்தில் அது ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

இங்கே கயிற்றை அவிழ்த்தபோதுதான் கண்டாள்.

வார்கள் இன்னும் கொடியில்.

கழுத்துச் சால்வையை எடுத்தாள். வார் போகும் துளைகளில் நுழைத்து, பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று முடிச்சுப் போட்டாள். பெண்மணி எழுந்து வந்து இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

பெண்மணி தலையைத்தான் அசைத்தாள். வாரில்லாமல் பிள்ளையை ஏற்றினால் சாவி தரமுடியாது.

கெட்டவள் அல்ல. தங்களிடம் இருந்த இருக்கைகள் காலையிலேயே போய்விட்டன என்று மன்னிப்புக் கேட்டாள். ஊரில் வேறெங்காவது இருக்கலாம் என்று ஒரு படிவத்தை எடுத்தாள். பிள்ளைக்கு ஏற்ற இருக்கை எது என்று அறிய வயது, நிறை, உயரம் எல்லாம் வேண்டும்.

பெட்டி நிறுக்கும் தராசில் பிள்ளையை ஏற்றினார்கள். பிள்ளை சிரித்தது. சுவரோடு நிறுத்தி நாடாவால் அளந்தார்கள். பிள்ளை அந்தப் பெண்மணியின் அறையைச் சுற்றிப் பார்த்தது.

"அப்பா வீடோ?"



படிவத்தில் முத்திரை விழுந்தது. பெண்மணி மூன்று இடங்களுக்கு அழைத்தாள். மூன்று முறையும் நன்றி சொல்லி வைத்தாள். ஊரின் ஒரே டாக்சிக்காரனும் இருக்கை இல்லாமல் ஏற்றமாட்டானாம்.

மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து.

பிள்ளையை விட்டுவிட்டு வா என்று லோஜினி அக்கா சொல்லவில்லை. விட ஆளில்லை. அவன் கேட்டதும் பிள்ளையைத்தான். அதே முகாமில் அக்காவின் தம்பியும் இருந்தான். அக்கா மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ, அக்கா."

"கடிதம் எண்டாலும் எழுதித் தா. வாசலில குடுக்கிறன்."

தமிழில் எழுதினால் மொழிபெயர்க்கவென்று நாட்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அவனுக்கு இருப்பது ஓர் இரவு. ஆங்கிலத்தில் எழுதினால் உடனே கைக்குப் போகும்.

பெண்மணி வெள்ளைத் தாளும் உறையும் தந்தாள். அவள் தேதி எழுதினாள். இடம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, அன்புள்ள என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதிப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தாள்.

அதற்கு மேல் அவளிடம் ஆங்கிலம் இல்லை.

தாளைக் கசக்கினாள்.

மேசையில் படிவத்தின் மஞ்சள் நகல் கிடந்தது. ஆங்கிலத்தில். நிரப்பியது அவள் கைதான்.

பெயர்: நிதுர்ஷா.

வயது: இரண்டு வருடம், ஒரு மாதம்.

நிறை: பதினொன்று தசம் நாலு கிலோ.

உயரம்: எண்பத்துநாலு சென்டிமீட்டர்.

கீழே, வேறு குறிப்புகள் என்று ஒரு கட்டம். வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்தாள். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில், எழுத்துகளைத் தனித்தனியாக நிறுத்தி, ஒரு வரி எழுதினாள்.

முழங்காலைத் தாண்டிவிட்டாள்.

லோஜினி அக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள். பிறகு அவனிடம் தான் என்ன சொல்வது என்று கேட்டாள்.

"பிளேன் தவறிட்டுது எண்டு சொல்லுங்கோ. பெல்ட்டைப் பற்றிச் சொல்லாதையுங்கோ. நாங்கள் இங்க வந்து சேரவே இல்லை எண்டே இருக்கட்டும்."

அக்கா தாளின் மேல் மூலையில் விரலை வைத்தாள்.

முத்திரை. இந்த விமான நிலையத்தின் பெயர். இன்றைய தேதி. பன்னிரண்டு முப்பத்தொன்று.

கத்தரிக்கோல் பேனாக் குவளையில்தான் இருந்தது. மூலையை மட்டும் வெட்டினால் போதும்.

அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். சால்வைக்குள் உறங்கிப்போயிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

தாளை மூன்றாக மடித்தாள்.

முத்திரை மேலே வரும்படி உறைக்குள் வைத்தாள். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தி, அக்காவின் கைப்பைக்குள் தானே செருகினாள்.

பலகையில் ஒரு சாவி குறைந்தது.