குமிழி வராத பாட்டில்

“ரெண்டு கப் சர்க்கரை! அப்படியே பாட்டில்ல கொட்டிட்டீங்களே! மீனுக்கு சர்பத் கலக்குறீங்களா?”

அடுப்படியிலிருந்தே மனைவி கத்தினாள்.

“மீனுக்கு இல்லடி, செடிக்கு,” என்றார் லேத்துக்காரர். “ஈஸ்ட் இருக்கே, அது சர்க்கரையைத் தின்னுட்டு ஒரு காத்து விடும். அந்தக் காத்தைக் குடிச்சாதான் தண்ணிக்குள்ள இருக்கற செடி வளரும்.”

“எல்லா வீட்டுச் செடியும் தண்ணியைக் குடிக்கும். நம்ம வீட்டுச் செடி காத்தைக் குடிக்குமாக்கும்!”

லேத்துக்காரர் என்பது பழைய பெயர். இரும்பு கடையும் லேத் பட்டறையை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. எட்டு மாதமும் மனிதர் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரம்கூடச் செய்வதில்லை. வெளியூருக்குப் படிக்கப் போன மகள் விட்டுச்சென்ற மீன்தொட்டியில் செடிகளின் இலை பழுக்க ஆரம்பித்ததும்தான், என்ன தோன்றியதோ, ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார்.

காலி சோடா பாட்டில். மூடியில் அளவெடுத்து ஒரு துளை. அதில் மெல்லிய குழாய், சுற்றிலும் பசை. குழாயின் மறுமுனையில் ஒரு சிரிஞ்சை அறுத்து மாட்டி, உள்ளே பஞ்சை அடைத்து, தொட்டியின் அடியில் வைத்தார். பஞ்சு வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி வர வேண்டும்.

வரவில்லை.

பஞ்சை மாற்றினார். மூடியை மாற்றினார். சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

“பாட்டில் சரியில்லை போல,” என்றார்.

“ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!”

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கேலை வைத்து அளந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். செடி ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது. இலையெல்லாம் பச்சைப் பசேல்!

அடுத்த வாரமும் ஒரு அங்குலம். அதற்கடுத்த வாரமும்.

அவருக்கு மண்டை காய்ந்தது. இரும்பில் நூலளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர்தான். ஆனால் செடி கொடி விஷயத்தில் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது.

“ஏண்டி, குமிழியே வரலை. செடி மட்டும் எப்படி வளருது?”

“வளர்ந்தா சந்தோஷப்படுங்க, வளராட்டி கவலைப்படுங்க. ரெண்டும் இல்லாம ஏன் இப்படி முழிக்கறீங்க? சனிக்கிழமை சாயங்காலம்னா காய் வாங்கணும்னு தெரியாதா? பையை எடுங்க, கிளம்புங்க!”

வாராவாரம் இதே விரட்டல்தான். ‘தொட்டி பக்கத்துல மனுஷனை அஞ்சு நிமிஷம் நிக்க விடமாட்டாளே. ஒரு நல்ல வார்த்தை வருதா அந்த வாயில!’ என்று முனகிக்கொண்டே போவார்.

ஆனால் மகளிடம் போனில் பெருமை தாங்கவில்லை. “அப்பா செஞ்ச மெஷின்மா! காடு மாதிரி வளருது!” அந்த உற்சாகத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரையும் கழற்றி ஓட வைத்தார். தினமும் சவரம் செய்துகொண்டார்.

இருந்தாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தான் செய்த மெஷின் எப்படி ஓடுகிறதென்று தனக்கே தெரியாவிட்டால் அவன் என்ன லேத்துக்காரன்?

ஆறாவது வாரம், மனைவி வேலைக்குப் போனபிறகு, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வண்ணமீன் கடைக்கே போய்விட்டார்.

கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“புளிச்ச வாசனையே இல்லையே. தண்ணி எவ்வளவு சூடா ஊத்தினீங்க?”

“கொதிக்கக் கொதிக்க. அப்பதானே சர்க்கரை நல்லா கரையும்?”

“போச்சு! ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்குங்க. கை பொறுக்கற சூடுதான் தாங்கும். ஊத்தின அன்னிக்கே செத்திருக்கும். இதுல காத்தும் வராது, ஒண்ணும் வராது.”

“அப்ப செடி எப்படிங்க வளர்ந்துச்சு?”

“வளர்ந்திருக்காது.”

“வளர்ந்திருக்குங்கறேன்! இதோ பாருங்க!” லேத்துக்காரர் போனை எடுத்துத் தொட்டியின் படத்தைக் காட்டினார்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்தத் தொட்டியா? இதே தொட்டியை ஒரு அம்மா வாராவாரம் போன்ல கொண்டுவந்து காட்டுவாங்களே!”

“எதுக்கு?”

“இதே செடி வேணும், ஆனா போன வாரத்துச் செடியைவிட சரியா ஒரு அங்குலம் உசரமா வேணும்னு கேட்பாங்க. சனிக்கிழமை மத்தியானம் வந்து, கடையில இருக்கற செடியை எல்லாம் அளந்து அளந்து பார்ப்பாங்க. வீட்டுல செஞ்ச மெஷின்ல குமிழியே வரலைன்னாங்க. ஒரு தடவை பொறுக்க முடியாம, ‘ஏம்மா, அந்த மெஷின் செஞ்சவரையே இங்க அனுப்புங்களேன், நான் சொல்லித் தரேன்’னேன்.”

“அதுக்கு?”

“‘வேண்டாம் அண்ணே. பட்டறை மூடினதுலேர்ந்து செத்த பொணம் மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷன். இப்பதான் கையில ஸ்பேனரை எடுத்திருக்கார். இதுவும் தோத்துப்போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி அந்த நாற்காலிக்கே போயிடுவார்’னு சொல்லி, என் முன்னாடியே அழுதுட்டாங்க.”

லேத்துக்காரர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, அந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?” என்றார் கடைக்காரர்.

“தெரியும்னுதான் இருபத்திரண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”