தெற்கு வீதி இறக்கம்

தேர் கிழக்கு வீதி முனைக்கு வந்ததும், முட்டுக்கட்டை வழக்கம்போல அதன் சக்கரத்துக்கு முன்னால் போய்ப் படுத்தது. உரசலில் புகை கிளம்பியது. தேர் வேகம் குறைந்து, முனகிக்கொண்டே திரும்பியது.

“ஊரே கூடி என்னை இழுக்குது. நடுவுல மறிக்க நீ யாரு? உன்னை இழுக்க யாராவது வடம் பிடிச்சாங்களா?” என்று சீறியது தேர்.

“யாரும் பிடிக்கல. ஆனா அடுத்தது தெற்கு வீதி, ஒரே இறக்கம். அதுக்குத்தான் நான்” என்றது கட்டை.

“என்கிட்டயே எதிர்த்துப் பேசுறியா?”

சக்கரம் எற்றிய எற்றில் கட்டை சாக்கடையோரம் போய் விழுந்தது.

அலங்காரத்துக்காகத் தேரில் கட்டியிருந்த வாழைமரம் குழைந்தது. “அந்த வேலையை நான் பாக்குறேனுங்க. உங்க சக்கரத்துல ஒரு கீறல் விழாது.”

தேருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

தெற்கு வீதியில் இறங்கியதும் சக்கரங்கள் தாமாகவே உருண்டன. முதலில் தேருக்கு அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது.

“நிறுத்து! சீக்கிரம் நிறுத்து!”

வாழைமரம் குறுக்கே விழுந்தது. “உங்க சித்தம்” என்று சொல்லி முடிப்பதற்குள் கூழாகிப்போனது. சக்கரம் அந்தக் கூழில் வழுக்கி இன்னும் வேகமெடுத்தது.

“கட்டை! கட்டை எங்கே?” என்று அலறியது தேர். கட்டை வெகு தூரம் பின்னால் கிடந்தது.

வடம் தொய்ந்து தரையில் விழுந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இழுக்காமலே தேர் வந்துகொண்டிருந்தது.

ஊரே அதற்கு முன்னால்தான் நின்றது.