வட்டிக் காசில் ஒரு கதவு

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஆள் இருக்கு" என்றேன்.

மறுபடியும் தட்டல். மூன்று தடவை, படபடவென்று. கதவின் கீழ்ப்பாதியில், என் இடுப்புக்கும் கீழே.

வீட்டில் நான் குளிக்கப் போனால் என் மகள் இப்படித்தான் தட்டுவாள். எட்டு வயது. பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

இந்தக் கழிப்பறை பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே என் பூட்டு, சாவிக் கடை. இதைக் கட்டக் காசு கொடுத்தவன் நான்தான். கட்டி ஒரு வருஷமாகியும் இன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வருகிறேன்.

காரணம், அது வட்டிக் காசு. வீடு கட்டச் சேர்த்த பணத்துக்கு நான் கேட்காமலே பேங்கில் போட்டுவிட்ட வட்டி. நமக்கு ஹராம். பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் நன்மையை எதிர்பார்க்காதீர்கள் என்றார் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத். கொடுத்தேன். பெயர்ப்பலகை வைக்கவில்லை. தாழ்ப்பாளை மட்டும் என் கையால் பொருத்தினேன், பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாக. ஊரார் பிள்ளைகளுக்கு.

என் வீட்டு ஆட்கள் யாரும் இதற்குள் கால் வைக்கக்கூடாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவசரம் என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிவாசலுக்கு ஓடவேண்டும். பக்கத்துக் கடைத் தையல்காரர் கிண்டலடிப்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். நம்மைப் போல் பேணுதல்காரன் உண்டா என்று உள்ளுக்குள் கர்வம்தான், வேறென்ன.

இன்று மதியத் தொழுகை முடிந்ததும் இந்தச் சட்டத்தை ஹஜ்ரத்திடம் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"பொதுவுக்குன்னு குடுத்தாச்சு. அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் போகலாம். உங்க புள்ளையும்தான். இத ஏன் முன்னாடியே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

நேராக இங்கே வந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சும்மா உள்ளே நின்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

தட்டல் நின்றது.

"அத்தா, இங்கயே போகலாமா? ரோட்டத் தாண்ட வேணாமா?"

பூட்டுக்காரன் எனக்கு ஒரு தாழ்ப்பாளை நீக்க வரவில்லை.

வெளியே யாருமில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவரவர் பாட்டுக்கு நின்றார்கள். போன மாதம் புதிதாகப் போட்ட வேகத்தடையில் ஒரு லாரி மெல்ல ஏறி இறங்கியது.

கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"போம்மா. தாராளமா போ."

காற்றே இல்லை. கதவு என் கையிலிருந்து நழுவிச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கடை ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையை எடுத்துவந்து வாசலில் நின்றேன். அன்றைக்கும் பையை என்னிடம் போட்டுவிட்டுத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினாள். ஏதோ சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன், பாவி, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

"என் மக இருக்கா. இருங்க, வந்துடுவா."

அவர் என்னையே பார்த்தார். போன மாதம் அவளை அடக்கம் செய்தபோது நான் விழாமல் தாங்கிப் பிடித்தவர் அவர்தான்.

என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.