போதகரம்மாவின் மௌனம்

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள் போதகரம்மா. வார்த்தை வரவில்லை.

"என்ன, இன்னைக்கு மௌன விரதமா?" சவரம் செய்துகொண்டிருந்த போதகர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார். "நிதானமா யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். பிறகு கையை விரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் அவர் எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

சொந்த ஊரிலிருந்த மகள் தொலைபேசியில் அழுதாள். "அம்மா ஒண்ணுமே சொல்லலையாப்பா? கால்ல முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவாங்களே."

"ஒரு வார்த்தை சொல்லலைம்மா."

அது உண்மைதான். ஆனால் இந்த நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்த அன்றே வீட்டில் தான் போட்ட சட்டத்தை அவர் மகளிடம் சொல்லவில்லை. பாஷை சீக்கிரம் படியவேண்டும் என்று அவர் தமிழில் கேட்பார். அவள் இந்த ஊர்ப் பாஷையில்தான் பதில் சொல்லவேண்டும். "வயசான காலத்துல எனக்குப் பள்ளிக்கூடமா?" என்று அலுத்துக்கொண்டே இருந்தவள், முந்தின நாள்தான் சபதம் செய்திருந்தாள். "இனிமே என் வாயில தமிழ் வராது, பாருங்க."

பாவம், இரட்சிப்பு, பரலோகம் எல்லாவற்றுக்கும் அவளுக்கு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தார். நெஞ்சு வலிக்கு இங்கே என்ன சொல்வார்கள் என்று அன்று அவருக்கே தெரியாது.

இன்றைக்கும் தெரியாது.