மூன்றாவது கேம்

"அந்த ஜப்பான்காரப் பிள்ள மொத கேம்ல தோக்கணும், ரெண்டாவதுல ஜெயிக்கணும். அதத்தான் வேண்டிக்கிட்டு வாரேன்" என்றபடி செருப்பை வாசலில் விட்டார் நம்பிராஜன். நெற்றியில் குற்றாலநாதர் கோயில் திருநீறு, சட்டையில் சாரலின் ஈரம்.

டிவியில் யூடியூப்பைத் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்டிக்குச் சிரிப்பு வந்தது. மாடியில் குடியிருப்பவள் அவள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவளை, பேட்மின்டன் மேட்ச்சைப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருந்தார்.

"ரெண்டு கேம்லயே ஜெயிச்சா நல்லதுதான அண்ணாச்சி? பாவம், முட்டில ஆபரேஷன் பண்ணுன பிள்ள."

"சீக்கிரம் முடிஞ்சிரும்லா. மூணாவது கேம் போனா இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

நம்பிராஜன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மனைவி போனபின் வீரகேரளம்புதூர் வீட்டை விற்றுவிட்டு இந்த மேலகரத்தில் வந்து தனியாக உட்கார்ந்துகொண்டவர். பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு "யாரும் இல்லம்மா" என்று முடித்துவிட்டார். ஊர் ஊராக ஜனங்கள் வேன் பிடித்து வந்து சீசனில் அருவியில் குளித்துவிட்டுப் போகிறார்கள். இவரோ கோயில் வரைக்கும் நடப்பார், பக்கத்திலேயே கொட்டுகிற பேரருவியை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பிவிடுவார். கேட்டால் சளி பிடிக்குமாம். சாரலில் நனைந்து வந்தால் மட்டும் பிடிக்காது போலிருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷர் அந்த ஜப்பான்காரப் பெண் சுமிரேயைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பார். பெண்கள் இரட்டையரில் தேறாமல் அவள் கலப்பு இரட்டையருக்கு மாறியது, கூட ஆடியவன் இவளைக் கழற்றிவிட்டு வேறொருத்தியோடு சேர்ந்தது, முட்டி ஆபரேஷன், அதற்குப் பிறகு ரியோஜி என்ற சின்னப் பையனோடு முதலிலிருந்து ஆரம்பித்தது எல்லாவற்றையும் அடுத்த தெருவில் நடந்ததுபோலச் சொல்வார். இன்றைய இறுதிப் போட்டியோடு அவள் ஓய்வு பெறுகிறாள். அவளை வேலைக்கு வைத்திருந்த கம்பெனி, கோச் முதற்கொண்டு அணியையே கலைத்துவிடுகிறதாம்.

"நாளையிலருந்து டிவில பாக்கதுக்கு எனக்கு யாரு இருக்கா, சொல்லு" என்றார்.

கிறிஸ்டிக்கு மனசு கனத்துப்போனது. அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறான். பூட்டைத் திறந்து இருட்டு வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். மாடிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கேமில் சுமிரே வலையருகே நின்று, வந்த இறகுப்பந்தையெல்லாம் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஜெயித்துவிட்டாள். நம்பிராஜனின் முகம் தொங்கிப்போனது.

விசித்திரமான ரசிகர்தான். இரண்டாவது கேமில் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். இடைவேளை விட்டதும் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். சுமிரே செய்த தப்பை விளக்க வாயெடுத்த கிறிஸ்டியிடம், கொஞ்சம் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். திரையில் சுமிரேயும் ரியோஜியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்ற கோச் ஜப்பானிய மொழியில் படபடவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அது புரியுதா அண்ணாச்சி?"

"ஒரு எழவும் புரியல. கேக்கலாம்லா."

கிறிஸ்டி ஓடிப்போய்ப் பொங்கிய பாலை இறக்கிவைத்தாள்.

இரண்டாவது கேம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சுமிரே அடித்தது வலையில் மாட்டி, கேம் எதிர் ஜோடிக்குப் போய்விட்டது. நம்பிராஜன் கைதட்டினார். சாமி வரிசையைத்தான் மாற்றிவிட்டார், மற்றபடி கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கிறிஸ்டிக்குச் சந்தேகம் தட்டியது. போனில் பந்தயம் கிந்தயம் கட்டியிருக்கிறாரோ என்று கேட்டே விட்டாள். போலீஸ்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தார் அவர். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மூன்றாவது கேமில் சுமிரேயின் முட்டி ஒத்துழைக்கவில்லை. ரியோஜி தாவித் தாவி எடுத்தும் பயனில்லாமல் தோற்றுப்போனார்கள். சுமிரே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிறிஸ்டிக்கும் கண் கலங்கிவிட்டது.

நம்பிராஜன் அழவில்லை. எழுந்து போய் டிவியின் முன்னால் நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, சுமிரேக்கு ஒரு மெயில் போடுவமா? நான் இங்கிலீஷ்ல எழுதித் தாரேன். இங்கன இப்பிடி ஒருத்தர் இத்தன வருஷமா பாத்துக்கிட்டிருக்காருன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ள சந்தோஷப்படும்லா."

சுமிரே எழுந்து, நொண்டிக்கொண்டே போய்க் கோச்சின் முன்னால் குனிந்து வணங்கினாள். முதல் முறையாகக் கோச்சின் முகம் திரை நிறையத் தெரிந்தது. கறுத்த முகம், காதோரம் நரை. நம்ம ஊர் ஆள் மாதிரியல்லவா இருக்கிறது என்று கிறிஸ்டி நினைத்தாள்.

நம்பிராஜன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, டிவியில் தெரிந்த அந்த நெற்றியை மெல்லத் துடைத்தார்.

"போலீஸ் வேல வேண்டாம், மட்டையத் தூக்கிட்டுப் போறேன்னு நின்னான். எனக்கு மகனே இல்லன்னு அன்னைக்கே பேரருவில போய்த் தல முழுகிட்டு வந்தேன்" என்றார்.